எந்தப் பக்கம் கால் ஊன்றுவது

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததுமே அவர் பையிலிருந்து தன் பழைய ஷூவை எடுத்தார். கல்லா மேஜையில் எங்கே இடமிருக்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இதுக்குப் பொருந்துற பெடல் குடும்மா. நான் ரேஸ் ஓட்டினப்பப் போட்டது."

கடைக்காரப் பெண் ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தாள். கிளீட் என்பது ஷூவின் அடியில் திருகி வைக்கிற ஒரு துண்டு. அது பெடலைக் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். அவருடையது பழைய பிளாஸ்டிக் ரகம், அடியிலிருந்து துருத்திக்கொண்டு நின்றது.

"அண்ணா, இதைப் போட்டுக்கிட்டு ஒரு நடை நடந்து காட்டுங்களேன்."

"நான் என்ன மாடலா, நடந்து காட்ட?"

சொன்னாரே தவிர, போட்டுக்கொண்டு நடந்தார். டைல்ஸ் தரையில் டக் டக் என்று இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் கால் வழுக்கியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டார். அருகில் நின்ற மனைவியின் கை தானாக நீண்டது. அவர் மேல் படுவதற்குள் பின்வாங்கியது. கைத்தாங்கல் என்றால் அவருக்கு ஆகாது.

கண் போனபிறகு அவர் தரையைப் பாதத்தால்தான் அறிந்துகொண்டிருந்தார். எங்கே படி முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்பதெல்லாம் உள்ளங்கால் சொல்லும் செய்தி. பிளாஸ்டிக் கட்டை அந்த வழியை அடைத்துவிட்டது.

கடைக்காரப் பெண் வேறொரு ஜோடியைக் கொண்டுவந்தாள். இதில் கிளீட் சின்ன உலோகத் துண்டு. ரப்பர் அடிப்பாகத்துக்குள் குழியில் உட்கார்ந்திருந்தது. அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "ம்" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த "ம்" முழுச் சம்மதம் என்பது மனைவிக்குத் தெரியும்.

"பெடலும் நாலு பக்கமும் கவ்வுற மாதிரி போட்டுடறேன் அண்ணா. எந்தப் பக்கம் மேல இருந்தாலும் மிதிச்சா மாட்டிக்கும், தேட வேண்டாம். லேசாத் திருப்பினாலே விட்டுடும். அக்காவுக்குச் சாதா பெடல் போதும். முதல் தடவை, அதுவும் ரெண்டு பேர் ஓட்டுற வண்டியில முன்னால உக்கார்றவங்க. நிக்கிற இடத்துலயெல்லாம் அவங்கதான் கால் ஊனணும்."

"அதெல்லாம் வேணாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அரைகுறையாக் கத்துக்கிட்டா அரைகுறையாத்தான் ஓட்டுவா."

மனைவி தலையாட்டினாள். கையில் விலங்கு பூட்டிக்கொள் என்று அவர் சொல்லியிருந்தாலும் அன்று தலையாட்டியிருப்பாள். பல மாதங்களில் அவர் இவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். வேறு யார் வண்டி ஓட்டினாலும், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிற ஆள். கண்ணில் அழுத்தம் என்றார்கள்; சொட்டு மருந்து, அறுவை, மறுபடி அறுவை என்று போய், கடைசியில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதன்பின் ஜன்னலோர நாற்காலியை விட்டு நகரவில்லை. வெள்ளைக் கோலைக் கதவுக்குப் பின்னால் சாத்தியதோடு சரி. இருவர் ஓட்டும் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது என்று மைத்துனன் சொன்னபோதுதான் முதன்முறையாக, "என்ன கண்டிஷன்ல இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இறுகப் பற்றிக்கொண்டாள் அவள். இதுவும் போனால் அவரை அந்த நாற்காலியிலிருந்து கிளப்ப வேறு எதுவும் இல்லை.

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். உச்சிக் கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதால் கீழே இருப்பவர்களுக்கு அவள் "மேல்வீட்டம்மா". கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு இறங்கும்போது அவளுக்கு எதுவும் தெரியாது. வாக்கி டாக்கியில் சிக்னல்காரரின் குரல்தான் கண். "இறக்கு… இறக்கு… மெதுவா… நில்லு." குரல் சொன்னபடி கை நகரும். பதில் பேச வேண்டியதில்லை. பேசாமல் கேட்டே பழகியவள்.

காலி மைதானத்தில் பழகினார்கள். காலை மாட்டுவதும் திருப்பி எடுப்பதும் அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. பெடல்கள் நான்கும் ஒரே சங்கிலியில் ஓடுவதால் அவர் மிதிக்கும் பலம் அவள் காலுக்கும் வந்து சேரும். அறுபதை நெருங்கும் மனிதர் பின்னாலிருந்து இப்படித் தள்ளுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு சாலைக்கு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் ஒரு வேன் ரிவர்ஸில் அவர்களை நோக்கி வந்தது. பிரேக் பிடித்தாள். இடது காலைத் திருப்பி எடுத்தாள், ஊன்றினாள். அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். அடுத்த கணம் வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது. அவள் வலது கால் பெடலில் மாட்டியபடியே இருக்க, இருவரும் தார்ச் சாலையில் கிடந்தார்கள்.

கூட்டம் கூடிவிட்டது. "கண்ணு தெரியாத மனுஷனை ஏத்திக்கிட்டு ஏம்மா இந்த விபரீதம்?" என்றார் ஒருவர். "இந்த வயசுல சர்க்கஸ் தேவையா?" என்றார் இன்னொருவர். அவருடைய முழங்கையில் ரத்தம். வீடு வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. நேராக நாற்காலிக்குப் போனார்.

தப்பு தன்னுடையது என்றே நினைத்தாள். புதுசாகப் பழகுகிறவள்; காலை எடுத்ததாக நினைத்து எடுக்காமல் விட்டிருப்பாள். அவருடைய புது ஷூவைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார்.

அந்த வாரம் துறைமுகத்தில், இரும்புச் சுருள் ஒன்று பாதி வழியில் தொங்கும்போது வாக்கி டாக்கி ஊமையானது. அவள் கைகள் உடனே நின்றன. குரல் இல்லாவிட்டால் அசைவு இல்லை. அதுதான் அங்கே சட்டம். கீழே ஆட்கள் நிற்கிறார்களா, விலகினார்களா, எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், "மேல்வீட்டம்மா, பேட்டரி போச்சு, பயந்துட்டீங்களா?" என்று சிக்னல்காரர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தப்போகிறேன் என்று, வேன் வந்த அன்று கணவரிடம் தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அன்னைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். வேன் வருது, நிறுத்தறேன், இடது காலுன்னு. ஒண்ணுமே சொல்லாம உங்களைக் கூட்டிட்டுப் போயிட்டேன். இருட்டுல நீங்க எப்படி உக்காந்திருந்தீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"நீ இடது காலை ஊனிட்டே," என்றார். "சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் எப்படி…"

"வண்டி வேகம் குறைஞ்சுதுல்ல, அப்பவே நான் வலது காலைக் கழட்டிட்டேன். வலது பக்கமா என் பாரத்தைப் போட்டேன். உன்னால எங்க தாங்கிப் பிடிக்க முடியும், விட்டா விழுந்துடுவோம்னு." முழங்கைக் காயத்தைத் தடவினார். "நான்தான் தள்ளினேன்."

ஒரு வாரமாக அந்தப் பழியை அவள் சுமக்க விட்டிருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது.

"அந்த ஆள் நடுரோட்டுல என்னை அத்தனை பேச்சுப் பேசினான். கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"ஆமா."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"நீ தரையில உக்காந்து மன்னிப்புக் கேக்கறே. இதுக்கு மேலயும் சொல்லலைன்னா நான் மனுஷனே இல்ல."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நாளைக்குக் கடைக்குப் போறோம். எனக்குச் சாதா பெடல். உங்க பேச்சைக் கேக்கப்போறதில்லை."

"சரி."

"உங்களுக்கு அதே கவ்வுற பெடல்தான். ஆனா நிக்கிற இடத்துல நீங்க காலை எடுக்கக் கூடாது. உக்காந்த இடத்துல உக்காந்திருக்கணும். வண்டியை நான் பிடிச்சுக்குவேன்."

இதற்கு அவர் "சரி" சொல்லவில்லை. "ம்"கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைத் தாண்டி, பெரிய சாலைவரை போனார்கள். வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள்: பள்ளம், மேடு, இடதுபக்கம் ஒரு பஸ். பேசிப் பழகாத தொண்டை கட்டிக்கொண்டது. சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"நிறுத்தறேன். இடது கால் ஊனறேன்."

வண்டி நின்றது. இடது காலைத் தரையில் அழுத்தி, இரண்டு பேர் பாரத்தையும் இடுப்பால் தாங்கினாள். பின்னால் கிளீட் கழலும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இருக்கை மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டது. அவர் மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது, அவள் முதுகிலேயே பட்டது. கால் இரண்டும் பெடலில்தான் இருந்தன.

பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து வந்து நின்றன. வண்டி அசையவில்லை.

"பச்சை விழுந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"விழுந்ததும் சொல்லு. மிதிக்கணும்."