நாற்பது எடுத்தால் பாஸ்

பரணிலிருந்து, காலில் மாட்டிக்கொள்ளும் சின்ன இரும்புக் காலிபரை எடுத்து, இது யாருடையது என்று நேற்று கேட்டீர்கள். என்னுடையதுதான். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் என் காலுக்கு வந்தது. அது வந்த விதத்தைச் சொல்கிறேன்.

இரண்டு வயதில் எனக்குப் போலியோ வந்தது. இடது கால் சூம்பிவிட்டது. இடது கையால் முட்டியை அழுத்திப் பிடித்தால்தான் நடக்க முடியும். அப்போது வடக்குத்து என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் பக்கத்தில் ஐந்தாவது வரைதான் இருந்தது. ஆறாவதுக்குச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குப் போக வேண்டும். கம்பெனி பஸ் பர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான். எனக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைத்தால் டவுன் பஸ்ஸுக்கு இலவச பாஸ் வரும், காலிபரும் வரும். கிடைக்காவிட்டால் படிப்பு அவ்வளவுதான். டாக்டர் என் காலைப் பார்த்து நாற்பது சதவீதமாவது ஊனம் என்று எழுத வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவே உண்டாக்கியது.

தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், தெரு மணலில் குதிகாலால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "கைய எடுத்துட்டு வாடா" என்பார். விழுவேன். "எழுந்துரு, ஒண்ணுமில்ல" என்பார். வாரத்துக்கு ஒரு முறை கோடு கொஞ்சம் தள்ளிப் போகும். இடுப்பை வீசிப் போட்டு நடக்கும் வித்தையை நானே கண்டுபிடித்தேன். அந்தக் கோடைக்குள் கோடு பதினான்கு அடிக்கு வந்துவிட்டது.

சான்றிதழ் கொடுக்கும் முகாம் அன்று காலையில் அம்மா ஜெபம் செய்ய உட்கார்ந்தாள். பிள்ளையின் கால் சுகமாக வேண்டும் என்று எட்டு வருடமாக வேண்டியவள், அன்று எதைக் கேட்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டாள். எழுந்து வந்து என்னிடம் சொன்னாள்: "முட்டிய புடிச்சிகினுதான் நடக்கணும். உன் வீரத்த அங்க காட்டாத, என்னா?"

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பெஞ்சில் எங்களுக்கு அடுத்து ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். மர வாடி ரம்பத்தில் ஒரு கையை இழந்தவர். நான் பயந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தம்பி, பரீட்சை மாதிரி ஒதறுது? இங்க நாப்பது எடுத்தா பாஸு. ஆனா நல்லா செஞ்சா பெயிலு. தெரிஞ்சிக்க!"

என்னைக் கூப்பிட்டார்கள். "அந்தச் சுவர் வரைக்கும் நடந்து போ தம்பி" என்றார் டாக்டர்.

சுவரோரம் அப்பா நின்றிருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டியிருந்தார். தெருவில் நிற்பது போலவே இருந்தது. என் கை தானாக முட்டியை விட்டது. விழாமல், நிற்காமல், பதினான்கு அடியும் நடந்து அவரைத் தொட்டேன்.

"பரவாயில்லையே, நல்லாவே நடக்கிறானே" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

"சார், எழுதாதீங்க சார்! அவன் பொய்யா நடக்கறான் சார்!" என்று அம்மா கத்தினாள். அறையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "வீட்ல எப்படிங்க நடப்பான்?" என்று கேட்டார்.

பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அட, சொல்லுங்க. புள்ள படிப்புங்க" என்றார் பாய்.

"கை வச்சிகினுதாங்க நடப்பான்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "இது நான் பழக்கினதுங்க."

டாக்டர் என்னை மேசையில் படுக்க வைத்தார். இரண்டு கால்களையும் டேப்பால் அளந்தார். இடது காலைத் தூக்கச் சொன்னார். வழக்கம் போல் இடுப்பை வீசினேன். அவர் உள்ளங்கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தார். "இப்ப தூக்கு." மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கண்ணில் நீர் வந்தது. கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அப்பா பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல இந்தக் காலுக்குப் பலம் வராதுங்க. காலிபர் போட்டா நல்லா நடப்பான்" என்று சொல்லிவிட்டு, அறுபது என்று எழுதினார்.

அறுபது! கணக்கில்கூட நான் அறுபது எடுத்ததில்லை. பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் கோடு இழுக்கவில்லை. முகாமில் அம்மா பேச்சைக் கேட்காமல் நடந்ததற்குக் கோபம் போல என்று நினைத்தேன். அவரைச் சமாதானப்படுத்த நானே தெருவில் இறங்கி, நல்ல காலின் குதியால் பெரிதாக ஒரு கோடு இழுத்தேன். பதினைந்தாவது அடியில். "அப்பா, வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் வாசலில் நின்று கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அவருடைய கோபம் தீரட்டும் என்று ஒரு வாரம் தினமும் கோடு இழுத்து வைத்தேன். அந்தக் கால் ஒருநாள் சரியாகிவிடும் என்று முகாம் நாள் வரைக்கும் அவர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.