எழுபத்திரண்டு சென்டிமீட்டர்

பக்கவாதத்தில் என் கணவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயின. அறிவு மட்டும் துளிகூடப் போகவில்லை. அதுதான் கொடுமை. படுக்கையில் பாத்திரம் வைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். முப்பது வருஷம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த மனுஷன். கட்டிய பெண்டாட்டியிடம்கூட அந்தக் கூச்சம் போகவில்லை.

சக்கர நாற்காலி வந்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. இடது கையாலும் இடது காலாலும் தள்ளித் தள்ளி, ஹாலிலிருந்து பாத்ரூம் வாசல்வரை தானே போகப் பழகினார். வாசலோடு சரி. கதவு குறுகல். மாரெட்பள்ளியில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. கெஞ்சிக் கூத்தாடியதில் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை இடித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

மல்லாபூரிலிருந்து கொத்தனார் வந்தார். மூன்று தலைமுறையாக இந்தத் தெலுங்கு ஊரிலேயே இருக்கும் தமிழர். "நிலைக்கு கிரானைட் அறுத்து எடுத்துட்டு வரணும். உள் அகலம் எவ்ளோம்மா?" என்றார்.

நாற்காலியில் ஒட்டியிருந்த சீட்டில் அகலம் 72 செ.மீ. என்று இருந்தது. உரக்கப் படித்தேன். போனில் தட்டினால் 2.36 அடி. தாராளமாகவே இருக்கட்டும் என்று 2.4 ஆக்கிக்கொண்டேன். "ரெண்டடி நாலு இஞ்சு" என்றேன்.

"பக்காவா சொல்லுங்கம்மா. கல்லு வெச்சப்புறம் நக்கோ, வேணாம்னா ஆவாது."

"பக்காதான். நான் கணக்கு டியூஷன் எடுக்கிறவ."

பின்னாலிருந்து "ம்ம்ம், ம்ம்ம்" என்று சத்தம். திரும்பினால் அவர் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தாகம் என்று நினைத்துத் தண்ணீரை வாயில் வைத்தேன். தட்டிவிட்டார். சட்டையெல்லாம் ஈரம். "வெளியாள் முன்னாடி இப்படியா பண்றது?" என்று கத்தினேன். கத்தினேனே, பாவி! அவர் கையை இறக்கிக்கொண்டார்.

சிமென்ட் காய்ந்த அன்று காலை, துண்டை மடியில் போட்டுக்கொண்டு அவரே தள்ளிக்கொண்டு போனார். நான் வேண்டுமென்றே சமையலறையில் போய் நின்றுகொண்டேன். இரும்பு கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சக்கரங்கள் இரண்டு பக்கமும் நிலையில் முட்டி நிற்கின்றன. அகலத்தில் குறை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

டேப்பை எடுத்ததுமே புரிந்துவிட்டது. அடிக்குப் பன்னிரண்டு இஞ்சு. பாயின்ட் நாலு அடி என்றால் நாலு இஞ்சு அல்ல, கிட்டத்தட்ட ஐந்து. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்தால் நான் காதைத் திருகும் தப்பு. அவர் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு விரல் கனக் கல்லை இழைத்தால் உடைந்துவிடும் என்றார் கொத்தனார். இன்னொரு தடவை இடிக்க விடமாட்டேன் என்றார் வீட்டுக்காரர். இதைவிடச் சின்ன நாற்காலியில் என் கணவர் உடம்பு அடங்காது. "நீங்க சொன்னதுதாங்க சரி, அஞ்சுதான்" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பழையபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமா, பசிக்கிறதா, எதைக் கேட்டாலும் அந்தக் கையை அவர் தூக்குவதே இல்லை.