செபமாலையில் எண்ணிய நாடி

நடுக்க வருத்தம் என்ற நோய் வந்த பிறகு என் கணவருடைய முகத்தில் ஒன்றும் தெரியாமல் போயிற்று. சிரிப்புமில்லை, கோபமுமில்லை. மீன்பிடிக்கப் போனால் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கக் கத்திய மனிதன், பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்காமல் முணுமுணுத்தார். சண்டைக் காலம் வேறு. காவலரணில் கையைத் தூக்கச் சொன்னால் கை ஆடும், ஆமிக்காரன் சந்தேகமாகப் பார்ப்பான். "அவருக்கு வருத்தம், சேர்" என்று நான்தான் கெஞ்சுவேன்.

முருங்கன் ஆசுபத்திரியில் பார்த்த டொக்டர், நித்திரையில் நாடி பிடித்து எழுதிவரச் சொன்னார். மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் அவருடைய நடுக்கம் நின்றுவிடும். நான் கட்டிலருகே கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி, ஒரு துடிப்புக்கு ஒரு மணியாகச் செபமாலையை உருட்டுவேன். நிமிடத்துக்கு ஆறரைப் பத்து மணி, அறுபத்தைந்து துடிப்பு. கொப்பியில் எழுதி வைப்பேன்.

சில நாள் நித்திரையிலேயே காலை உதறிக் கத்துவார். அப்போது மட்டும் பழைய குரல் வரும். "மச்சான், குனியடா!" மச்சான் என்றது என் தம்பியை. கடலில் நேவிக்காரன் சுட்டபோது இவருக்குப் பக்கத்தில் செத்து விழுந்தவன்.

எழுப்பத்தான் கை போகும். ஆனால் நாடி பிசகாது, அதே ஆறரைப் பத்து. வாய்தான் கத்துகிறது, நெஞ்சு ஆறிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். கடலால் திரும்பிக் களைத்துப் படுத்தவரை எழுப்பும் வழக்கமும் எங்கள் வீடுகளில் இல்லை. தம்பியை நினைத்து நான் அழுவேன், இவராவது நிம்மதியாக இருக்கிறாரே என்று மாதாவுக்கு நன்றி சொல்வேன். எனக்கு எவ்வளவு விசர், எவ்வளவு பைத்தியம்.

இடையில் சண்டை கூடி ஆமிக்காரர் பாதையைப் பூட்டிவிட்டார்கள். திரும்ப முருங்கனுக்குப் போக ஒரு வருடம் சென்றது. டொக்டர் கொப்பியைப் புரட்டினார். அவர் கத்திய நாட்களையும் அதில் குறித்திருந்தேன்.

"கனவில கத்தேக்கையும் இதே கணக்கோ?"

"ஓம் டொக்டர். நெஞ்சு அமைதியா இருக்கு" என்றேன், பெருமையாக.

"அது அமைதி இல்லையம்மா. இந்த வருத்தம் நெஞ்சுக்குப் போற நரம்பையும் பிடிக்கும். அவர் எவ்வளவு பயந்தாலும் துடிப்பு ஏறாது."

பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் மதியம் அவர் கத்தத் தொடங்கியதுமே, நாடி பார்த்த கையை விடாமல், மற்றக் கையால் தோளைப் பிடித்து உலுப்பினேன். "இஞ்சாருங்கோ, வீட்டிலைதான் இருக்கிறியள். எழும்புங்கோ."

கண்ணைத் திறந்தார். முகம் அசையவில்லை. நான் பிடித்திருந்த கை திரும்பவும் நடுங்கத் தொடங்கியது. வாயருகே காதை வைத்த பிறகுதான் அவர் சொன்னது கேட்டது.

"இவ்வளவு நாளும் பக்கத்திலைதானே இருந்தனீ. ஏன் எழுப்பேல்லை?"