கணினி அறியாத மாணவி

சோதனையில் இருக்கும் பாடமுறையின் மதிப்பெண்ணைக் கொண்டு எந்த மாணவரையும் நீக்கக் கூடாது. எங்கள் பல்கலைக்கழகத் தேர்வு விதிகளில் அப்படி ஒன்று இருந்தது. அதைப் படித்தவன் நான் ஒருவன்தானோ என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

தொண்ணூறுகளில் ஆங்கிலப் பாடத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பாதி வகுப்பறையில் ஆசிரியர்களான எங்களோடு, மீதி கணினிக்கூடத்தில் இயந்திரத்தோடு. புதுமுறை தேறுமா என்று மதிப்பிட ஒரு குழு அமைந்தது. நான் அதன் செயலாளர். கூட்டங்களில் கறிப்பாப் பலகாரம் மட்டும் தவறாமல் வந்தது.

கூடத்தில் கணினிகள் போதவில்லை. பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பெயரை மட்டும் கணினியில் பதிந்து, சேர்ந்தே பயிற்சி செய்தார்கள். கிள்ளானிலிருந்து பஸ் மாறி வரும் ஒரு மாணவி எப்போதும் பிந்திவிடுவாள். தோழி திறந்து வைத்த கணினியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பருவ முடிவில் கணினியின் கணக்குப்படி அவள் ஒரு நாளும் வரவில்லை. அந்தப் பாதிக்குச் சுழியம். குறைந்த மதிப்பெண்ணுக்காக ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டிருந்தவளை நீக்கிவிட்டார்கள்.

கூடத்தைக் கவனித்துக்கொண்ட ஊழியரிடம் போனேன்.

"அந்தப் பொண்ணு வாரா வாரம் வந்துச்சு சார். ஏர்கோன் குளிருதுன்னு என் ஜாக்கெட்டத்தான் வாங்கிப் போட்டுக்கும்."

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

"நான் கொந்த்ராக் ஆளு சார், நிரந்தர வேல இல்ல. கம்ப்யூட்டர் வரலன்னு சொல்லுது. நான் வந்துச்சுன்னா யாரு நம்புவா லா?"

அவள் என் அறை வாசலிலேயே நின்றாள். "பெயில்னா கூட வீட்டுல சொல்லிருவேன் சார். கிளாசுக்கே போகலன்னா, இவ்வளவு நாளா எங்க போனேன்னு அப்பா கேப்பாரே."

என்னிடம் அந்த விதி இருந்தது. அதை மேற்கோள் காட்டித் துறைத்தலைவர் வழியாக, முறைப்படி, தேர்வு வாரியத்துக்கு எழுதினேன். மதிப்பீடு முடியட்டும் என்றார்கள். குழுத் தலைவரோ வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். நினைவூட்டல் அனுப்பினேன், அதற்கும் நினைவூட்டல் அனுப்பினேன். அவள் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஒவ்வொரு மாதமும் சம்பள நாளில் போன் செய்து, "ஏதாச்சும் வந்துச்சா சார்?" என்பாள். பிறகு அதுவும் நின்றது.

தலைவர் திரும்பியதும் அறிக்கை தயாரானது. புதுமுறை வெற்றி, பாடத்தைத் தொடர்ந்த மாணவர்கள் அனைவரும் தேறிவிட்டனராம். நீக்கப்பட்டவர்கள் தொடரவில்லை அல்லவா? என் மறுப்பைப் பின்னிணைப்பில் சேர்த்துக் கௌரவித்தார்கள்.

வாரியத்தின் பதிலும் வந்தது. நான் காட்டிய விதி சரியே, மாணவி மீண்டும் சேரலாம், வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து பதிய வேண்டும் என்றிருந்தது. அது என் மேசைக்கு வந்தது, அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை.