சத்தம் போடாத கோட்டு

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் என் பக்கத்து அபார்ட்மெண்ட்காரர் ஈரோட்டுக்காரர். குளிர்காலத்தில் வில்லோடு மான் வேட்டைக்குப் போவார். வேடிக்கை பார்க்க ஒரு சனிக்கிழமை நானும் கிளம்பினேன். என் நைலான் ஜாக்கெட்டைப் பார்த்ததும் தன்னுடைய பழைய கம்பளிக் கோட்டை நீட்டினார். வாங்கியபோது கை தாழ்ந்தது, அவ்வளவு கனம்.

"என் ஜாக்கெட்டே சூடாத்தானே இருக்கு?" என்றேன்.

"கையை அசைச்சுப் பாருங்க. சரசரன்னு சவுண்ட் வருதுங்களா? மான் ஓடிரும்."

பனி தூறிய காட்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கோட்டு மேலே நனைந்தும் உள்ளே குளிரவில்லை. வெகு நேரம் கழித்து ஒரு மான் பக்கத்திலேயே வந்து நின்றது. கம்பளி உண்மையிலேயே சத்தம் போடாதா என்று பார்க்க எனக்கு ஆசை. மெல்லக் கையைத் தூக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மான் என் கையைப் பார்த்துவிட்டு ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

அவர் வில்லைத் தாழ்த்தி, "அதுக்குக் கண்ணும் இருக்குதுங்க," என்று சிரித்தார்.