பலகை மேல் நின்று திறக்கிற ஃபிரிட்ஜ்

வீட்டுக்குக் காப்பீடு கேட்பவர்களின் வீடுகளை நேரில் போய்ப் பார்த்து, ஒயர், மெயின், கூரை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லை வரைக்கும் நான்தான் போவேன். பெரும்பாலான வீடுகளில், நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததுமே ஒயர்களுக்கு முன்னால் முருகன் காலண்டர் தொங்கிவிடும். கும்பிட்டுவிட்டுத்தான் தூக்கிப் பார்ப்பேன். கும்பிடாமல் தூக்கினால் வீட்டுக்காரர்களுக்கு மனசு கோணிவிடும்.

அம்மையார்குப்பத்தில் ஒரு வீடு. முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் விசைத்தறி. வீட்டுக்காரர் சாதுவான மனிதர். என்னை வாசலிலேயே நிறுத்தி, தறிச் சத்தத்தில் கேட்காதோ என்று காதருகே வந்து சொன்னார்.

"மேடம், ஒயரிங் பண்ணது எங்க பாவா. பக்கத்துத் தெருவுலதான் கீறாரு. எதுனா இருந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

பாவா என்றால் அவருடைய அக்காவின் கணவர். எலக்ட்ரீஷியனா என்று கேட்டேன். லாரி டிரைவராம். வீடு கட்டும்போது, வெளியாளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அவரே ஆசையாக வந்து செய்து கொடுத்தாராம். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் ஒயரைப் பற்றிப் பேசுவதில்லை.

வீட்டுக்காரரின் மனைவியும் பேசவில்லை. உபசாரம் மட்டும் செய்தார். கூடத்தில் அத்தனை இடம் இருக்க, நாற்காலியை ஒரு மூலைக்கு இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். காற்று வருகிறதா என்று மேலே பார்த்தேன். என் தலைக்கு நேர் மேலே இரண்டு ஒயர்களை முறுக்கி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றி வைத்திருந்தது. எழுந்துகொண்டேன். கை கழுவிக்கொள்ளுங்கள் என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். குழாய்க்கு ஒரு சாண் மேலே, மூடி இல்லாத சுவிட்ச் பெட்டி குடலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. சாமி கும்பிடுங்கள் என்றார். கும்பிட்ட கைக்கு எதிரே, சீரியல் விளக்கின் ஒயர் தோலுரிந்து கற்பூரத் தட்டை உரசிக்கொண்டு கிடந்தது.

இந்த அம்மாள் வாயைத் திறக்காமலே எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. பின்னாலேயே வந்த கணவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக அந்த அம்மாள், ஜில்லென்று மோர் தருவதாகச் சொல்லி ஃபிரிட்ஜுக்குக் கூட்டிப் போனார். ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. அதன் மேல் ஏறி நின்றுதான் கதவைத் திறந்தார். பலகை எதற்கு என்று கேட்டேன்.

"கீழ நின்னு தொட்டா சுர்ருங்குது மேடம். புள்ளைங்களுக்கும் பழக்கி வுட்டுட்டேன்."

அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த நேரம் பார்த்து பாவா வந்து சேர்ந்தார். பெரிய மீசை, வெள்ளை வேட்டி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நேரே என் முன்னால் வந்து நின்றார். ஏதாவது குறை இருக்கிறதா என்று விசாரித்தார். வீட்டுக்காரர் தறிப்பக்கம் நகரப் பார்த்தார். மனைவி வழியை விடவில்லை. ஃபிரிட்ஜுக்கு எர்த் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

"நான் இழுத்த லைன் மேடம் இது. இப்பப் பாருங்க."

வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். தோள் ஒரு துள்ளு துள்ளியது. கை தானாகப் பின்னால் பறந்து வந்தது. மீசை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கை இப்படித்தான் சில சமயம் மரத்துப்போகும் என்று எங்களுக்கு விளக்கினார். பிறகு, யாரையும் பார்க்காமல், நிதானமாகப் பலகை மேல் ஏறி நின்று கதவைத் திறந்தார், மூடினார்.

"பாத்தீங்களா, ஒண்ணியும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

பாவா இறங்கவில்லை. காலடியில் இருந்த பலகையைக் குனிந்து பார்த்தார். அது எதற்கு அங்கே கிடக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

"புள்ளைங்களும் இதும்மேல ஏறித்தான் தொறக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஆங், அண்ணா," என்றார் அந்த அம்மாள். இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

பாவா நேரே போய் வீட்டு மெயினை இறக்கினார். மின்விசிறி நின்றது; தனி மீட்டரில் ஓடும் தறி மட்டும் நிற்கவில்லை. ஆர்.கே.பேட்டையில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார், தானே அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மச்சானின் முகத்தை அவர் பார்க்கவில்லை. மச்சானும் பார்க்கவில்லை. ஆனால், அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரர் விட்ட பெருமூச்சு தறிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

வேலை முடிந்தபின் மறுபடி பார்க்கப் போனேன். எல்லாம் புது ஒயர், குழாய்க்குள் ஒழுங்காக ஓடியது. காப்பீட்டுக் கம்பெனியின் சட்டம் ரொம்பக் கறார், அதனால்தான் நல்ல ஒயரிங்கையே மாற்ற வேண்டியதாகிவிட்டது என்று பாவா ஊருக்குள் சொல்லிக்கொண்டிருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். எலக்ட்ரீஷியன் வேலை செய்த நேரமெல்லாம் பாவா ஏணிக்குக் கீழேயே நின்று குற்றம் கண்டுபிடித்தாராம். தாங்க முடியாமல் அந்த ஆள், வாசல் பல்பை மட்டும் நீங்கள் மாட்டுங்கள் என்று விட்டுக்கொடுத்துவிட்டாராம்.

போகும்போது அண்ணாந்து பார்த்தேன். பல்பு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. எரிந்துகொண்டும் இருந்தது. எல்லாம் சரி என்றே எழுதினேன்.