மாமனார் கேட்ட காயப் பதக்கம்

எனக்குத் திருமணமான நான்காவது வருடம், தை மாதத்தில் ஒரு காலை, என் மாமனார் பழுப்பு நிற உறை ஒன்றைக் கொண்டுவந்து, கூடத்தில் நான் வழக்குக் கட்டுகளைப் பிரித்து வைத்திருந்த மேசையின்மேல் போட்டார். "இங்கிலீஷ்ல வந்திருக்கு. என்னன்னு பாரு" என்றார். அதுவரை அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியாரைப் பார்த்து, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்பார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். அன்று மாமியார் தாராசுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் கணவர் சிங்கப்பூரில் இருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

மாமனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டுத் திரும்பியவர். பேராவூரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவரை ஹவில்தார் என்றுதான் சொல்வார்கள். தென்னந்தோப்பும், வாய்க்கால் பாய்ச்சலில் கொஞ்சம் வயலும் அவருக்கு இருந்தன. அந்த வயலில் வரப்பு வெட்டியும் நாற்றுப் பறித்தும் கூலி வாங்கியவர் என் அப்பா. நான் சட்டம் படித்ததும், அவருடைய மகன் என்னைப் பதிவு அலுவலகத்தில் வைத்துத் திருமணம் செய்துகொண்டதும் அவருக்கு ஒரே அவமானத்தின் இரண்டு பகுதிகள். இதய நோய் வந்தபோது மாமியார்தான் பிடிவாதமாக என்னை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மாமனார் என்னை அடித்ததில்லை, வைததுகூட இல்லை. நான் கூடத்துக்குள் வந்தால் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு எழுந்து தோப்புக்குப் போய்விடுவார். நான் சமைத்த நாளில் அவருக்குப் பசிக்காது. புகார் சொல்ல ஒன்றுமில்லாதபடி ஒருவரை வெறுக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். திருப்பி வெறுக்க எனக்கும் அதிக நாள் ஆகவில்லை.

கடிதத்தில் இருந்தது இதுதான். போரில் காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும் காயப் பதக்கத்துக்கு அவர் மனு போட்டிருந்தார். எதிரியின் நடவடிக்கையால் பட்ட காயத்துக்கு மட்டுமே அந்தப் பதக்கம் உண்டு, அவருடைய காயமோ, சொந்தக் கவனக்குறைவால் நம் படையே புதைத்த கண்ணிவெடியை மிதித்ததால் ஏற்பட்டது என்று பதிவேட்டில் இருக்கிறது, ஆகவே தகுதியில்லை. நான் தமிழில் சொல்லி முடித்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. ஊர் முழுக்க எதிரியின் குண்டில் கால் போனதாகத்தான் நம்பியிருந்தது. உண்மை தெரிந்த முதல் ஆளாக அந்த வீட்டில் அவருக்கு வாய்த்தது நான்.

இரண்டு நாள் கழித்து அவரே மறுபடி வந்து, "பதில் எழுது" என்றார். குண்டு விழுந்துதான் கால் போனது என்று எழுதச் சொன்னார். "நடக்காததை நான் எழுத மாட்டேன். நடந்ததைச் சொல்லுங்க, எழுதுறேன்" என்றேன். "உங்கப்பன் என் வயல்ல நின்னு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல" என்றார். பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன். பத்து நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பதினோராம் நாள் அவர் சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னார். எல்லையில் படைகள் எதிரெதிரே நின்ற மாதங்கள். ஒருநாள் அந்தியில் அவருடைய பிரிவுச் சிப்பாய் ஒருவன் வழி தவறிக் கண்ணிவெடிகள் புதைத்த நிலத்துக்குள் போய்விட்டான். வெடித்தது. இவர் உள்ளே போய் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, கடைசி நாலைந்து எட்டு இருக்கையில், இவர் காலடியிலும் வெடித்தது. அந்தச் சிப்பாய் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன். "முத்துப்பேட்டைப் பக்கம்" என்றார். பெயரைத் தவிர அதற்கு மேல் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். விசாரித்து விசாரித்து ஒரு தெருவுக்கு அனுப்பினார்கள். உள்ளே நுழைந்ததுமே அது எந்தத் தெரு என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெருவைப் போலவே ஊரைவிட்டுத் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சிப்பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வயிற்றிலும் தொடையிலும் தழும்புகள். நான் யாருடைய மருமகள் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நம்ம தெருப் பொண்ணாம்மா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

அவர் சொன்னதில் எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இருந்தன. அன்று மதியம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்த குண்டுகளில் அந்த நிலத்தைச் சுற்றியிருந்த கம்பி வேலியும் எச்சரிக்கைப் பலகைகளும் சிதறிப் போயிருந்தன. அதனால்தான் அவருக்கு வழி தெரியவில்லை. வேலியை உடனே சரிசெய்ய ஆள் அனுப்பாத அதிகாரி தன் தலை தப்புவதற்காகக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார். இது ஒன்று. இன்னொன்றைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஆறு மாசம் கழிச்சு, உயிரக் குடுத்தவராச்சேன்னு ஒரு கூடை எறால் எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். கொல்லப் பக்கமா வரச் சொன்னாரு. மாட்டுக் கொட்டாயில எல போட்டாங்க. நான் சாப்பிடாம வந்துட்டேம்மா." பிறகு, "எழுதித் தரேன். ஆனா அவரு இங்க வந்து, எங்க வீட்டுக்குள்ள உக்காந்து கேக்கணும்" என்றார்.

இதைச் சொன்னபோது மாமனார் கையிலிருந்த செய்தித்தாளைக் கிழித்தார். ஐந்து மாதம் வர மறுத்தார். நானும் கெஞ்சவில்லை, அவர் தவிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன். ஆடியில், வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த வாரம், வாடகைக் காரை வரச் சொல்லிவிட்டு என்னிடம், "ஏறு" என்றார்.

சிப்பாய் வாசலுக்கு வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். மாமனாரின் கை தானாக உயர்ந்து திருப்பி அடித்தது. அந்த ஒரு நொடி இரண்டு பேரும் வேறு எங்கோ நின்றார்கள். உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். சிப்பாயின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். மாமனார் உட்கார்ந்தார். "எழுதிக் குடு" என்றார். டீயில் ஆடை படிந்தது. நான் என் தம்ளரைக் காலி செய்துவிட்டு அவருடையதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. சிப்பாய் நான் எழுதிக்கொண்டு போயிருந்த வாக்குமூலத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நீங்க என்னத் தூக்கினது நெசம், ஐயா. அதுக்காகப் போடறேன்" என்றார்.

மறுவருடம் பதில் வந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள்; சக வீரரைக் காப்பாற்றும்போது பட்ட காயம் என்று திருத்தியிருந்தார்கள். பதக்கம் மட்டும் இல்லை. வெடித்தது நம்முடைய கண்ணிவெடி என்பதால் எதிரியின் நடவடிக்கையாகக் கருத முடியாது என்றிருந்தது. எதிரியின் குண்டுகள் வேலியைச் சிதைத்ததைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதைப் படித்த உடனே என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. அந்த ஒரு காரணத்தை வைத்தே மேல்முறையீடு செய்யலாம். ஜெயிக்கக்கூடிய வழக்கு.

கடிதம் வந்த அதே வாரம் முத்துப்பேட்டையிலிருந்து போன் வந்தது. சிப்பாய் இறந்துவிட்டார். நான் மாமனாரிடம் போய், "எடுக்க சாயங்காலம் ஆகுமாம். கார் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தார். "நான் எதுக்கு?" என்றார். நான் மட்டும் போனேன். சிப்பாயின் மனைவி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார்.

மறுநாள் காலை, நான் நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமனார் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். நான் அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடங்களில் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவர் குரல் அன்று தாழ்ந்திருந்தது.

"இதுக்கு மேல போக வழி எதுவும் இருக்காம்மா?"

அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். நான் அவர் முகத்தைப் பார்த்து, இல்லை என்றேன். வக்கீல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றித் திரும்பிப் போனார். கொஞ்ச காலத்தில் இறந்தும்போனார்.

இப்போது என்னிடம் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சிலருக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தும் இருக்கிறேன். சென்ற மாதம் என் மகள் பள்ளியில் தாத்தாவைப் பற்றி ஏதோ எழுத வேண்டும் என்று வந்து, தாத்தாவுக்கு ஏன் பதக்கம் கிடைக்கவில்லை என்று கேட்டாள். சட்டத்தில் இடமில்லை என்று சொன்னேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.